பச்சை உடம்பில் பட்ட எண்ணெய்

லிங்கேஸ்வரனுக்கு முப்பத்திரண்டு வயது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். சீசன் வந்துவிட்டால் மெயின் அருவிக்குப் போகிற வழியில், சிப்ஸ் கடைக்கும் துண்டுக் கடைக்கும் நடுவே ஒரு மரப்பலகையைப் போட்டு, எண்ணெய்ப் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். லாரி ஓட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள், சும்மா ஆசைக்குத் தேய்த்துக்கொள்கிறவர்கள் என்று சாரல் விழுகிற நாளெல்லாம் ஆள் வந்துகொண்டிருக்கும். சீசன் முடிந்தால் தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் ஏற்றி இறக்கப் போவான்.

எண்ணெயை அவனே காய்ச்சுவான். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, நாலைந்து இலையும் வேரும் தட்டிப் போட்டு, இறக்கும்போது கற்பூரம் சேர்ப்பான். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. "ஆஸ்பத்திரியில ஆறு மாசத்துல ஆவாதது நம்ம எண்ணெயில ஆறு நாள்ல ஆவும் அண்ணாச்சி" என்று வருகிறவர்களிடம் சொல்வான். முதலில் வியாபாரத்துக்காகச் சொன்னதுதான். ஒன்பது வருஷம் சொன்ன பிறகு அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான்.

மனைவி காளீஸ்வரி சிவகிரிக்காரி. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுவரை நிற்க வேண்டும். ஏழாம் மாதம் வரைக்கும் நின்றாள். வாயாடி இல்லை; ஆனால் கடைக்கு வருகிறவர்கள் நாற்பது சேலையைப் புரட்டிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவதை வீட்டுக்கு வந்து அவள் நடித்துக் காட்டினால் லிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. இருவருக்கும் அந்தப் பிள்ளையைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பதினாலு மணி நேரம் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. பனிக்குடம் உடைந்து பச்சையாகத் தண்ணீர் வந்ததும், பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று சொல்லி லிங்கத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காளியை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரத்தில் பெண் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வடிவம்மாள் கையில் கொடுத்தார்கள். வடிவம்மாள் காளியின் அம்மா. மகள் பிரசவத்துக்கென்று சிவகிரியிலிருந்து வந்திருந்தாள். "பிள்ள பொழச்சிட்டு. எம் பிள்ள எப்படி இருக்கா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

காளி நன்றாகத்தான் இருந்தாள். முதல் நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தாள். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. மரப்பு விடவிட, அடிவயிற்றில் குறுக்கே யாரோ சூட்டுக்கோலை வைத்த மாதிரி எரிந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து மூத்திரக் குழாயை எடுத்துவிட்டு, எழுந்து நிற்கச் சொன்னாள். காளி அழுதுவிட்டாள். நேராக எழும்பக் கூடாது, ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் பத்து எட்டு. கூன் விழுந்த கிழவி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்வர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. இருமினால் தையல் பிய்ந்துவிடும்போல இருந்தது. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொள்வாள். பிள்ளையை மடியில் போட்டால் காயத்தில் உதைத்தது. அதனால் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட மாதிரி பக்கவாட்டில் பிடித்துப் பால் கொடுக்கப் பழகினாள்.

எட்டாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது நர்ஸ் லிங்கத்தையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னாள். பிள்ளையைத் தவிர வேறு கனம் எதையும் தூக்கக் கூடாது. ஆறு வாரத்துக்குக் குனிந்து வேலை செய்யக் கூடாது. காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காற்றாட விட வேண்டும். மஞ்சள், பவுடர், எண்ணெய், எதுவும் படக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். லிங்கம் தலையை ஆட்டினான். எல்லாருக்கும் ஒப்பிக்கிற பாடம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டான்.

வீடு மேலகரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். பதினாறு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறினாள் காளி. வடிவம்மாள் பூண்டுக் குழம்பும் கருவாடும் வைத்துப் பத்தியம் பார்த்தாள்; காலையில் முதுகுக்கும் இடுப்புக்கும் வெந்நீர் ஊற்றினாள். பதினோராம் நாள் சிவகிரியில் வடிவம்மாளின் கொழுந்தன் இறந்துபோன செய்தி வந்தது. போகாமல் இருக்க முடியாத சாவு. "பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டுப் போறேன் மருமவனே. மூணாம் நாள் காரியம் முடிச்சு வெரசா வந்திருதேன். அவள படி எறங்க விட்டிராதீய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காளி காயத்தைச் சுற்றி ஊறல் எடுப்பதாகச் சொன்னாள். உள்ளே கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது என்றும் சொன்னாள். பிள்ளை அழுகிறது, பால் சரியாகச் சுரக்கவில்லை, தூக்கமில்லை. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. லிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பஸ் கண்டக்டர் வருஷா வருஷம் அவனிடம் வந்து தழும்பில் எண்ணெய் போட்டுக்கொள்வார். இழுப்பு விட்டுவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார். அது ஆறு வருஷத்துத் தழும்பு என்பதை அவன் யோசிக்கவில்லை. எண்ணெயை இளஞ்சூடாகச் சுடவைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"நர்ஸு ஒண்ணும் தடவக் கூடாதுன்னு சொன்னாள்லா?" என்றாள் காளி.

"நர்ஸு நூறு பேருக்குச் சொல்லுதத உனக்கும் சொல்லுதா. ஊரே நம்மட்ட வந்து முதுகக் காட்டிட்டுப் படுக்கு. வீட்டுல உள்ளவளுக்கு நான் கெடுதலா செய்வேன்?"

அவள் மறுத்துப் பேசவில்லை. அவன் விரல் நுனியால் பூப்போலத் தடவினான்; பிறகு ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டான். அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் ஒன்றரை மணி நேரம் அசந்து தூங்கினாள். லிங்கம் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து தன்னால் ஆன ஒரு காரியம் இதுதான் என்று அவனுக்குப் பட்டது. மறுநாளும் தடவினான். அதற்கு மறுநாளும்.

அந்தச் சனி, ஞாயிறு அருவியில் தண்ணீர் கொட்டியது. கார்கள் தென்காசி வரைக்கும் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு ஹைருன் பீவியிடம் காளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லிங்கம் குற்றாலம் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோதே அவளுக்கு உடம்பு சுட்டது. பால் கட்டிய காய்ச்சல் என்று ஹைருன் பீவி சொன்னாள்; அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் பலகையை விட்டு எழும்பவே இல்லை. திங்கட்கிழமை விடிந்தபோது காளிக்குக் குளிரில் பல் கிட்டியது. வயிற்றில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் நனைந்திருந்தது.

சுகாதார நர்ஸ் மெஹர் பானு பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கு வந்து பார்த்துப்போகிறவள். ஐந்து வருஷமாக அந்தத் தெருக்களில் நடந்ததில் எல்லா வீட்டுச் சங்கதியும் அவளுக்குத் தெரியும். அன்று பத்து மணிக்கு அவள் படியேறி வந்தாள். துணியை அவிழ்த்ததும் வாடை அறைக்குள் அடித்தது. காயத்தின் இடது ஓரம் சிவந்து வீங்கி, இரண்டு இடத்தில் வாய் பிளந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

"என்னத்தம்மா தடவுனீய?" என்றாள் மெஹர் பானு.

லிங்கம் வாசற்படியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணும் தடவலக்கா" என்றாள் காளி.

"ஒண்ணும் தடவாம கற்பூர வாட எப்படி வரும்?"

"கட்டுன துணி அவுக பழைய வேட்டிலா. அந்த வாடையா இருக்கும்."

மெஹர் பானு திரும்பி லிங்கத்தைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அவருக்கு வந்த கோபமெல்லாம் படுத்துக் கிடந்தவள் மேல் விழுந்தது. "படிச்ச பொண்ணுதானே நீ? கடையில வேலை பார்த்தவதானே? காயத்தைச் சுத்தமா வச்சுக்கணும்னு உனக்குத் தெரியாதா? காய்ச்சல் வந்து ரெண்டு நாளா வீட்டுல படுத்துக் கிடந்திருக்கியே, உன் பிள்ளைய நினைச்சுப் பாத்தியா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காளி கண்ணை மூடிக்கொண்டு, "தெரியாம ஆயிட்டு டாக்டர்" என்றாள். லிங்கம் சுவரோரம் நின்றான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். ஊரில் தெரிந்தால் இனி எவன் தன் கைக்கு முதுகைக் காட்டுவான் என்றும் நினைத்தான். அந்த இரண்டாவது நினைப்பு வந்ததற்காக அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது, இருந்தும் சொல்லவில்லை.

காயத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். உடனே தைக்க முடியாது, உள்ளேயிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், அதுவரை தினமும் கழுவிக் கட்ட வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் பதினோரு மணிக்குக் கட்டு மாற்றுவார்கள். உள்ளே வைத்திருக்கிற துணியை உருவும்போது காளி போடுகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும். மூன்றாம் நாளிலிருந்து சத்தம் போடுவதை அவள் நிறுத்திவிட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். லிங்கத்துக்கு அந்தச் சத்தமே தேவலை என்று இருந்தது.

காய்ச்சலில் பால் குறைந்துபோயிற்று. பிள்ளை மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். டாக்டரைக் கேட்டுப் பவுடர் பால் வாங்கி, ஆறவைத்த வெந்நீரில் கரைத்துச் சங்கில் புகட்டினார்கள். பிள்ளை வயிறு நிறைந்து தூங்குவதைக் காளி கட்டிலில் இருந்து பார்ப்பாள். தூக்கிக் கொடு என்று கேட்கமாட்டாள். வடிவம்மாள் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டால் கையால் அணைத்துக்கொள்வாள். முகம் மட்டும் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாவு வீட்டிலிருந்து ஓடிவந்த வடிவம்மாள் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் வெந்நீ ஊத்துனதுல தண்ணி உள்ள எறங்கிட்டு. நான்லா இவள இந்தக் கோலத்துக்கு ஆக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் லிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிருங்க மருமவனே" என்றாள். அவன் கையை உருவிக்கொண்டு டீ வாங்கிவருவதாகச் சொல்லிக் கீழே போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, டீ வாங்காமலே திரும்பி வந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறாம் நாள், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிய முடிவு வந்தது. வேறு ஊசி மருந்துக்கு மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மறுபடி கேட்டார். "கடைசியா கேக்கிறேன். காயத்துல ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் காளி.

டாக்டரம்மா வடிவம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கூட இருந்தது? பச்சிலை, மஞ்சள்னு எதையாவது அரைச்சுப் பூசியிருப்பீங்க. வயசானவங்க செய்யற வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

"பூசல தாயி. வெந்நீதான் ஊத்துனேன். என் புத்திகெட்ட வேலைதான்" என்று வடிவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அறுபது வயதுக்காரி கைகூப்பி நிற்பதை லிங்கத்தால் பார்க்க முடியவில்லை.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்" என்றான். "நான்தான் செஞ்சேன். நான் காய்ச்சுற எண்ணெய். சுடவச்சுத் தடவி, துணியால இறுக்கிக் கட்டுனேன்."

வார்டில் ஆறு கட்டில்கள். எல்லாவற்றிலிருந்தும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வடிவம்மாளின் கூப்பிய கை அப்படியே இருந்தது.

"எத்தனை நாள்?" என்றார் டாக்டரம்மா.

"மூணு நாள்."

"நாலு" என்றாள் காளி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ஞாயித்துக்கிழம காலையில, குத்தாலத்துக்குப் போறதுக்கு முந்தி. எனக்குச் சொரம் அடிச்சிட்டு இருந்துச்சி. வேண்டாம்னு சொன்னேன். தடவிட்டுதான் போனாவ."

லிங்கம் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். அவசர அவசரமாகத் தடவிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியது இப்போது ஞாபகம் வந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியதும் ஞாபகம் வந்தது. எப்படி மறந்தான் என்று தெரியவில்லை.

டாக்டரம்மா ஏசவில்லை. அவன் சொன்னதைக் கேஸ் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

வடிவம்மாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். லிங்கம் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"காளி."

அவள் சுவர்ப் பக்கமே படுத்திருந்தாள்.

"தெரியாம செஞ்சிட்டேன் காளி. உனக்கு நல்லதுன்னு நெனச்சிதான்..."

"தடவுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நல்லதுக்குன்னு செஞ்சீய. எனக்கும் சொகமாத்தான் இருந்திச்சி. அன்னைக்கு இந்த டாக்டரு அம்புட்டு பேருக்கு முன்னால என்ன ஏசுனாகள்லா. பிள்ளைய நெனச்சுப் பாத்தியான்னு கேட்டாகள்லா. நீங்க அங்கனதான நின்னீய?"

"நின்னேன்."

"அம்மைய ஏசுனப்ப ஒரு நிமிசம் தாங்கல உங்களுக்கு. என்ன ஏசும்போது தாங்கிட்டீய."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒருக்களித்து, கையை ஊன்றி, தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். அவன் பிடிக்க வந்தபோது, "வேண்டாம், பைய எந்திச்சிக்கிடுவேன்" என்றாள்.

புது ஊசி கேட்டது. காய்ச்சல் விட்டது. அடியில் சிவப்பாகப் புதுச் சதை வந்தது. பத்தொன்பதாம் நாள் மிச்சமிருந்த பிளவைத் தைத்தார்கள். இருபத்தேழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டரம்மா இந்த முறை லிங்கத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. காளியிடமும் வடிவம்மாளிடமும் சொன்னார். வயிற்றுச் சுவர் அந்த இடத்தில் பலமில்லாமல்தான் இருக்கும். குடம் தூக்கக் கூடாது. நாள் முழுக்க நிற்கிற வேலை ஆகாது. பிற்பாடு குடல் பிதுங்கினால் அதற்கு ஒரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். தழும்புக்கு மேலே மரத்த மாதிரி இருப்பது போக மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குப் போகாமலும் இருக்கும். அடுத்த பிள்ளையைப் பற்றி மூன்று வருஷத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

ஆட்டோவில் பையை ஏற்றும்போது வடிவம்மாள், "சிவகிரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவனை மருமவனே என்று கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் "இங்கேருங்க" என்பாள்.

லிங்கம் செவ்வாய்க்கிழமைகளில் சிவகிரிக்குப் போனான். சீசன் முடிந்து பாத்திரம் ஏற்றுகிற வேலை தொடங்கியிருந்தது. கிடைக்கிற ஒரு நாள் லீவு அதுதான். காளி அவனுக்குச் சோறு போட்டாள். பிள்ளையைக் கையில் கொடுத்தாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சண்டை இல்லை. சண்டை போட்டால் சமாதானம் என்று ஒன்று வரும், அதுவும் இல்லை. பிள்ளைக்குப் பேர் வைத்ததை அவன் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். காளி ஒரு படம் போட்டிருந்தாள். கீழே வேல்விழி என்று இருந்தது. பேருக்கு ஒன்றும் குறைவில்லை. அவன் அதை வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தான்.

ஒரு நாள் அவள் வீட்டுக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பறையில் சேலை மாற்றும்போது தெரியாமல் உள்ளே போய்விட்டான். அடிவயிற்றில் ஒரு பக்கம் கோடு நேராகவும், மறுபக்கம் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டிய மாதிரி உள்வாங்கியும் இருந்தது. அவள் பதறவில்லை, மறைக்கவும் இல்லை. "கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள். அவன் சாத்திவிட்டு வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

தை மாதம் அவள் மேலகரத்துக்குத் திரும்பி வந்தாள். அவளாக எடுத்த முடிவு. ஜவுளிக்கடை வேலை போய்விட்டது. நின்றால் அரை மணி நேரத்தில் வயிறு கனத்துக் கீழே இழுக்கிறது என்றாள். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடிக்கொண்டாள். பிள்ளையைப் பகலில் ஹைருன் பீவி பார்த்துக்கொண்டாள். லிங்கம் மாடி வீட்டை விட்டுக் கீழ்ப்போர்ஷன் ஒன்றை அவள் வருவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தான். விடியற்காலை அவனே தண்ணீர் பிடித்து ஊற்றி வைப்பான், துணி துவைப்பான், மாவாட்டுவான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி மாதிரி எதுவும் சொல்லவும் இல்லை. கடையில் நடந்ததை நடித்துக் காட்டுகிற வழக்கம் போய்விட்டது. பிள்ளையிடம் மட்டும் சில சமயம் ஏதோ குரல் மாற்றிப் பேசிச் சிரிப்பாள். அடுப்படியில் இருந்து அவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். உள்ளே போனால் நின்றுவிடும் என்று போகமாட்டான்.

அடுத்த சீசன் வந்தது. லிங்கம் மறுபடி பலகையைப் போட்டான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. பலகையில் வந்து படுக்கிற ஒவ்வொருவரிடமும், "உடம்புல எங்கனயாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டான். ஆமாம் என்றால் கைவைக்கமாட்டான். அந்த பஸ் கண்டக்டர் வந்தபோதும் முடியாது என்றான். அவர் ஏசிவிட்டுப் பக்கத்துப் பலகைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் ஆகாதது தன் எண்ணெயில் ஆகும் என்கிற பேச்சு அவன் வாயில் வரவே இல்லை.

ஆவணியில் சிவகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மூவரும் போனார்கள். பந்தியில் காளியின் சித்தி மாடத்தி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே, "ஏட்டி காளி, இவளுக்கு வயசு ஒண்ணு ஆயிட்டுல்லா. அடுத்து எப்பம்? ஒரு பயலப் பெத்துப் போடு" என்றாள்.

"இனி இல்ல சித்தி" என்றாள் காளி.

"என்னத்தட்டி இல்ல?"

"இவ ஒருத்தி போதும். எனக்கு இனி பிள்ள வேண்டாம்."

எதிர் வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற லிங்கம் அதைக் கேட்டான். இலையில் ஊற்றாமல் நின்றுவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஊத்துங்க தம்பி" என்றார்.

சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் ஏறினார்கள். வேல்விழி அம்மா மடியில் தூங்கிவிட்டாள். பஸ் புளியங்குடியைத் தாண்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றான் லிங்கம்.

"என்னத்த?"

"அடுத்தது வேண்டாம்னு நெனச்சத."

காளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. "நீங்க கேக்கலயே" என்றாள். கோபம் இல்லாமல், கடைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். மடியில் பிள்ளையைச் சரித்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு நெனச்சாலே நடுங்குது. ஆபரேஷன நெனச்சு இல்ல. அந்த வார்டுல மறுபடி படுத்துக் கெடக்கணும்ங்கதத நெனச்சு" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான்.

லிங்கம் அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கடையநல்லூரில் நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. கைப்பிள்ளையோடு ஒரு சின்னப்பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள்.

"எந்திரிங்க. அவ உக்காரட்டும்" என்றாள் காளி.

அவன் எழுந்து இடம் கொடுத்தான். அந்தப் பெண் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று காளி கேட்டாள். நாலு என்றாள் அவள். இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். தென்காசி வரைக்கும் லிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெரிசலில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவன் காதில் விழவில்லை.